அறுந்ததும் அறுத்ததும்

ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதுவதென்றால் மூன்று பேரின் காலைப் பிடிக்க வேண்டும்: பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை. பள்ளிக்கூடத்தில் இவர்களை மூன்று நிறச் சோக்கால் எழுதிக் காட்டினார்கள். கரும்பலகையில் பார்க்க எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஒரு சி எடுத்தேன். அந்த ஒரு சியை நம்பித்தான் திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் என்னைக் கடித வேலைக்கு எடுத்தார்கள். பதினொரு வருடமாகிறது. இன்றைக்கும் ஒரு ஆங்கிலக் கடிதம் எழுதி முடித்தால் எனக்குத் தலையிடிதான்.

முதல் கோபம் 'இஸ்' என்ற சொல்லோடு. தமிழில் 'கயிறு பழசு' என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் நடுவில் ஒரு 'இஸ்' வந்து உட்கார வேண்டும். அது செய்யும் வேலை என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது வராவிட்டால் வசனம் செல்லாது. எங்கள் கந்தோரிலும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள்.

போன வருடம் மாரி தொடங்கும் நேரம், கப்பலிலிருந்து இறக்கிய ஒரு தண்ணீர்ப் பம்பு, கட்டியிருந்த கயிறு அறுந்து, மரப்பெட்டியோடு கொங்கிறீட் தரையில் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை, பம்பு மட்டும் நொறுங்கிவிட்டது. பாரம் தூக்கும் மெஷினை ஓட்டியவர் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அறிக்கைப் படிவம் நிரப்புவதற்காக என் மேசைக்கு முன்னால் கதிரையின் நுனியில் இருந்தார்.

"என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்றேன்.

"கயிறு அறுந்து போச்சி மிஸ், பெட்டி விழுந்திட்டு. அது இத்துப்போன கயிறு. மாத்தித் தாங்க எண்டு நான் ரெண்டு தரம் சொன்னன்."

வெயிலும் உப்புக்காற்றும் தின்று, இழுத்தால் கையோடு வருகிற கயிறு. அதைத்தான் அவர் 'இத்துப்போன' என்ற ஒரே பெயரடையில் சொன்னார். எனக்கு அதற்கு ஆங்கிலம் வரவில்லை. 'ஓல்ட்' போதாது. 'றொட்டன்' நினைவுக்கு வந்தது, ஆனால் அது கூழ்முட்டைக்குச் சொல்வது என்று படித்த ஞாபகம். கொழும்பில் இருந்து வாசிக்கிறவர்கள் கயிற்றுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று சிரிப்பார்களோ என்று பயந்து பெயரடையையே விட்டுவிட்டேன். வெட்கம் பார்த்து விட்டேன் என்பதுதான் உண்மை. பிறகு 'அறு' என்றால் 'கட்', நடந்து முடிந்தது என்றால் 'வொஸ்' போட வேண்டும் என்று கணக்குப் பண்ணி, 'த றோப் வொஸ் கட்' என்று எழுதினேன். மேலாளர் கையெழுத்து வைத்தார். அவர் வாசித்துப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று நானும் நம்பிக்கையோடு இருந்தேன்.

நாலாம் நாள் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து பதில் வந்தது. கயிற்றை அறுத்தவர் யார்? அது தெரியும்வரை மெஷின் ஓட்டுநரை வேலைக்கு எடுக்க வேண்டாம்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "ஆர் மிஸ் அறுத்தது?"

"ஒருதரும் அறுக்கேல்லை சேர். அது தானா அறுந்தது."

"அப்ப ஏன் அறுத்தது எண்டு எழுதினனீங்கள்?"

"அறுந்தது எண்டுதான் எழுதினனான்."

"வொஸ் கட் எண்டால் ஆரோ அறுத்ததெண்டுதான் அர்த்தம்."

இது தெரிந்த மனிதர் கையெழுத்து வைக்கும்போது என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, பிடித்தது என் கை. "ஒருக்காப் போன அறிக்கையை மாத்த ஏலாது. இனி அவையள் விசாரிக்கட்டும்" என்று அவர் கோப்பை மூடினார்.

அன்று வேலை முடிந்து லிங்கநகரில் உள்ள வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது வழியெல்லாம் ஆங்கிலத்தைத் திட்டிக்கொண்டே போனேன். தமிழில் அறுந்தது என்றால் பழி கயிற்றோடு போய்விடும், அறுத்தது என்றால் ஆளைத் தேட வேண்டும். நடுவில் ஒரேயொரு எழுத்துத்தான் மாறுகிறது, அதில் ஒரு மனிதனின் வேலை தப்பிவிடும். ஆங்கிலத்தில் 'பிறோக்' என்ற ஒரே வினை இரண்டுக்கும் வருகிறது. கயிறும் பிறோக், கயிற்றை நானும் பிறோக். எந்தப் பெயர்ச்சொல் வினைக்கு முன்னால் நிற்கிறதோ அதன் தலையில்தான் எல்லாம். தமிழில் கயிற்றோடு ஒரு 'ஐ' ஒட்டிவிட்டால் அதை வசனத்தில் எங்கே வைத்தாலும் அது கயிறாகவே இருக்கும். இதையெல்லாம் எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நிறச் சோக்குத்தான் காட்டினார்கள்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு மெஷின் ஓட்டுநரின் அழைப்பு வரும். "மிஸ், கடிதம் வந்திச்சா?" அவ்வளவுதான் கேட்பார். இல்லை என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாம் கிழமையில், ஒருவரும் கேட்காமலே, தலைமைக் கந்தோருக்குப் புதுக் கடிதம் ஒன்று எழுதினேன். முதல் வசனம்: 'நான் பிழையான வினைச்சொல்லைப் பாவித்தேன்.' அடுத்தது: 'றொட்டன் கயிறு அறுந்தது.' முட்டையோ கயிறோ, யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும் என்று போட்டேன். அறுந்ததற்கு இந்த முறை 'பிறோக்', முன்னால் கயிறு மட்டும்.

மேலாளருக்கு முதல் வசனம் நன்றாகப் பிடித்தது. பிழை என்னோடு நின்றுவிடுகிறதே. இரண்டாவதில் பேனை நின்றது. 'றொட்டன்' என்பதை வெட்டினார். "இப்பிடி எழுதினால் நாங்கள் பழுதான கயிறு வைச்சிருந்தனாங்கள் எண்டு வரும். பெயரடை ஒண்டும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கோ."

பெயரடை போனால் நல்ல கயிறு அறுந்ததாகிவிடும். நல்ல கயிறு ஏன் அறுந்தது? அளவுக்கு மேல் பாரம் தூக்கியதால். தூக்கியது யார்? சுற்றிச் சுற்றி அந்த மனிதரிடமே வந்து நின்றது. மேசைக்குத் திரும்பி வந்து அரை மணித்தியாலம் அந்த வெட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் வேண்டாம் என்றது பெயரடையைத்தான். இத்துப்போன என்றால் பெயரடை, இத்துப் போயிருந்தது என்றால் வினை. 'த றோப் ஹாட் றொட்டட் அண்ட் பிறோக்' என்று திருத்தி அடித்தேன். மேலாளர் விரலை வைத்துச் சொல் சொல்லாகப் பார்த்தார். பெயரடை ஒன்றும் இல்லை. கையெழுத்து வைத்தார். பதினொரு வருடத்தில் அந்த மொழியை நான் ஏய்த்தது அந்த ஒரு தரம்தான்.

மூன்றாம் கிழமை முடிவில் இரண்டு கடிதம் வந்தன. எனக்கு எச்சரிக்கை, மெஷின் ஓட்டுநருக்கு வேலைக்குத் திரும்பலாம் என்ற அனுமதி. மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். முன்பைவிட மெலிந்திருந்தார். கடிதத்தை நீட்டினேன்.

"எனக்கு இங்கிலீஸ் ஏலாது மிஸ். என்னில பிழை இல்ல எண்டு போட்டிருக்கா?"

"வேலைக்கு வரலாம் எண்டு போட்டிருக்கு."

"பிழை இல்ல எண்டு?"

"அது இல்லை."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "நீங்க என்ன எழுதினீங்க? அதையாவது தமிழில சொல்லுங்க" என்றார்.

பிரதியை எடுத்து வாசித்துச் சொன்னேன். "கயிறு இத்துப் போயிருந்தது. அது அறுந்தது."

அவர் என்னையே பார்த்தார். "இதைத்தானே மிஸ் நான் முதல் நாளே சொன்னன். அண்டைக்கு உங்களுக்கு விளங்கினதானே?"

"விளங்கினது" என்றேன்.