அக்கா கொடுத்த மீதி மாத்திரை

நாலு வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாதம், மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவத்து அன்றைக்கு ஆரம்பித்த கதை இது. அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். குளத்தை ஒட்டி எங்கள் ஸ்டாண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் சவாரிக்குக் காத்திருக்கும்போது படித்த பேப்பரும், பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள் பேசியதும்தான். யாராவது நறுக்கென்று ஒன்று சொல்லிவிட்டால் அதை ஒரு டைரியில் எழுதி வைத்துக்கொள்வேன். அந்த டைரியில் பாதிக்கு மேல் ஒரே ஆள் சொன்னது. எங்கள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூடை வைத்துப் பூ விற்ற அக்கா.

கூடப் பிறந்த அக்கா இல்லை. இரண்டு பேரும் சைதாப்பேட்டை ஆற்றங்கரை. காலையில் பூ மூட்டையோடு என் வண்டியில்தான் வருவார். வீட்டுக்காரர் போய் ரொம்ப நாளாகிறது. ஒரே பெண், ஈக்காட்டுத்தாங்கலில் கட்டிக் கொடுத்து, அங்கேயே ஒரு பட்டறையில் பேக்கிங் வேலை. உச்சி வெயிலில் மல்லி துவளத் தொடங்கினால், அக்கா வாளித் தண்ணீரை அள்ளிப் பூ மேல் தெளிப்பார். அப்படியே என்னைப் பார்த்து, "எனுக்கும் கொஞ்சம் தெளி தம்பி, எந்திரிச்சிக்கிறேன்" என்பார். டீ வாங்கி வா என்று அர்த்தம்.

உற்சவத்துக்கு ஸ்டாண்டு சார்பில் வருஷா வருஷம் நீர்மோர் ஊற்றுவோம். மோர் என் பொறுப்பு. மோர் விஷயத்தில் நான் ரொம்ப சுத்தக்காரன் என்று எனக்கே ஒரு பெருமை உண்டு. குழாய்த் தண்ணீர் தொடமாட்டேன், கேன் தண்ணீர்தான். தயிரை நானே கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் பார்த்துப் பார்த்துப் போடுவேன். அந்த வருஷம் கூட்டம் தாங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கே ஐஸ் தீர்ந்துவிட்டது. மாட வீதிக்குள் வண்டி விடவில்லை. வழக்கமாக ஐஸ் கொடுக்கிற கடைக்காரரால் வர முடியவில்லை. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போய், தெரு முனைக்கு அப்பால் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் மீனுக்கு ஐஸ் போடுகிற கிடங்குக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் உற்சவத்துக்காக நான் கழுத்தில் போட்டிருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தார். "மீனுக்கா, மோருக்கா?" என்று கேட்டார். மோருக்கு என்றேன். "அப்டின்னா இத்த எட்த்துக்கினு போவாத நைனா. இது குடிக்கிற தண்ணியில உறைய வச்சது இல்ல" என்றார். விற்கிற ஆளே வேண்டாம் என்று சொன்னார். நான்தான் கேட்கவில்லை. கழுவினால் எல்லாம் போய்விடும் என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு, இரண்டு பார் ஐஸைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். மோர் அண்டாவைச் சுற்றி வெளியே அடுக்கியிருந்தால்கூடக் குளிர்ந்திருக்கும். அது தோன்றவில்லை. உடைத்து உள்ளேயே போட்டேன்.

அதில் முதல் டம்ளரை அக்காவுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். விடிந்ததிலிருந்து வெயிலில் உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினார். இரண்டு டம்ளர். நானும் குடித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு அக்காவுக்குக் காய்ச்சல். வெயில் சூடு என்றார்கள், திருஷ்டி என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய காய்ச்சல் மாத்திரையில் மூன்று நாள் ஓடியது. சாயங்காலம் ஆனால் ஏறும், காலையில் கொஞ்சம் இறங்கும், மறுநாள் அதைவிட மேலே ஏறும். நாக்கு வெள்ளையாகப் படிந்துவிட்டது. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் பிடிவாதமாக வண்டியில் ஏற்றிச் சைதாப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டைபாய்டு என்றார். பதினாலு நாள் மாத்திரை, காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக்கூடாது என்று சீட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அதைப் படித்துக் காட்டியவன் நான்.

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் அக்கா கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். முகூர்த்த நாள் வரிசையாக இருக்கிறது, வாடிக்கை வேறு இடம் பார்த்துப் போய்விடும் என்றார். அதற்குள் எனக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. ஸ்டாண்டில் வேறு இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. எல்லோரும் வெயில் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கோ பள்ளிக்கூடச் சவாரி, பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். நான் படுத்தால் ஐந்து பிள்ளைகள் தெருவில் நிற்கும். டாக்டரிடம் போனால் அரை நாள் போய்விடும் என்று, காய்ச்சலோடு ஹேண்டில்பார் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தேன்.

அக்கா எழுந்து வந்தார். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அந்த மாத்திரை அட்டைகளை எடுத்தார். "எனுக்கு ஜொரம் வுட்டு ரெண்டு நாளாவுது. ஒடம்புல இல்லாத ஜொரத்துக்கு எதுக்குடா மாத்திரை? வாயெல்லாம் கசக்குது. நீ துன்னு. உனுக்கும் எனுக்கும் ஒரே ஜொரம்தானே" என்றார்.

டாக்டர் பதினாலு நாள் சொன்னாரே அக்கா என்றேன். ஒரு தடவை சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு, "டாக்டருக்கு இன்னா, பூ கட்டுற கையா அவருக்கு?" என்றார். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒடம்புல இல்லாத ஜொரம் என்று அவர் சொன்னது பிடித்துப்போய், அன்றைக்கே டைரியில் எழுதியும் வைத்தேன்.

எனக்கு நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அட்டையில் இருந்ததைக் கடைசி வரைக்கும் போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. சீட்டில் இருந்த எழுத்தை எனக்காக மட்டும் மதித்தேன்.

அதற்கப்புறம் பத்து நாள் இருக்கும். அக்காவுக்குக் காய்ச்சல் திரும்ப வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலை பூ மூட்டையோடு வண்டியில் வரும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் சரிந்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன். வயிறு பலகை மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. வண்டியைத் திருப்பி அரசு ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

பார்த்தது ஒரு சின்ன வயது லேடி டாக்டர். முன்னால் டைபாய்டு என்று நான் சொன்னதும், மாத்திரை முழுசாகச் சாப்பிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"துன்ட்டேம்மா. ஒண்ணு வுடாம துன்ட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வலியிலும் தம்பியை யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்கிற பார்வை. நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

மதியம் ஆபரேஷன் முடிந்தது. அந்தக் கிருமி குடலைப் புண்ணாக்கி ஓட்டை போட்டுவிட்டது, உள்ளே இருந்ததெல்லாம் வயிற்றுக்குள் கொட்டிவிட்டது என்று அக்காவின் மகளிடமும் என்னிடமும் டாக்டர் சொன்னார். இது எப்படி வருகிறது என்று மகள் கேட்டாள். அசுத்தமான தண்ணீர், ஐஸ், திறந்து வைத்த பண்டம், கழுவாத கை, எதிலும் வரலாம்; உள்ளே போய் ஒரு வாரம், இரண்டு வாரம், சில பேருக்கு மூன்று வாரம்கூடக் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும் என்றார். அப்போதுதான் வராந்தாவில் உட்கார்ந்து எண்ணினேன். விரல் உற்சவத்து அன்றைக்குப் போய் நின்றது. அதுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் குழாயிலும் சாக்கடை கலந்து வருகிற நாள் உண்டு. ஆனால் அக்கா என்னைக் கைகாட்டித் தன் மகளிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. வெளியில் எதையும் தொடமாட்டேன், தம்பி கையால் கொடுக்கிற மோரைத் தவிர என்று.

ஐந்து நாள் இருந்தார். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது. நர்ஸம்மா, பஞ்சை நனைத்து உதட்டை மட்டும் ஈரப்படுத்தச் சொன்னார்கள். நான் பஞ்சை நனைக்கும்போதெல்லாம் அக்கா கண்ணைத் திறந்து, "தெளி தம்பி" என்பார். எந்திரிச்சிக்கிறேன் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் நர்ஸிடம் பேசியது காதில் விழுந்தது. மாத்திரை முழுசாகச் சாப்பிட்டும் கேட்காத கிருமி போலிருக்கிறது என்று அதை வைத்து மருந்தை யோசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய். நாலாம் நாள் காலையில்தான் டாக்டர் பின்னாலேயே போய், பாதி மாத்திரையைச் சாப்பிட்டது நான் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. இன்றைக்கும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா போய்விட்டார்.

ஒரு பொம்பளை இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அக்காவுக்குப் பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. மகள் வந்து என் கையைப் பிடித்தாள். "கோடி நீங்கதான் மாமா போடணும். அம்மாக்குப் பொறந்தவர் நீங்கதான். டாக்டராண்ட இட்டுக்கினு போனதும் நீங்க, ஆஸ்பத்திரியில கூடவே இருந்ததும் நீங்க" என்றாள். வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அரக்குச் சிவப்பில் ஒரு புடவை எடுத்து வந்து போர்த்தினேன். சரிந்த கையை எடுத்து உள்ளே வைத்தேன். நார் இழுத்து இழுத்து விரல் நுனி காய்த்துப்போயிருந்தது.

ஸ்டாண்டில் இப்போதும் பங்குனிக்குப் பந்தல் போடுகிறார்கள். ஐஸை அண்டாவுக்கு வெளியே வைக்கவேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் தூரமான சவாரியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவேன். டைரியில் அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை. கடைசியாக இருப்பது அக்கா சொன்ன அந்த வரிதான்.

அக்காவின் மகளிடம் இன்றுவரை நான் எதையும் சொன்னதில்லை. இங்கே எழுதுவதுதான் முதல் தடவை, அதுவும் பேர் போடாமல். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள் தவறாமல் போன் போடுகிறாள். "ஒடம்பு எப்டி கீது மாமா?" என்று கேட்கிறாள். நல்லா கீறேம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அது பொய்யில்லை, நல்லாத்தான் இருக்கிறேன். அக்கா போட வேண்டிய மாத்திரையில் எழுந்து நின்ற உடம்பு, இந்த நாலு வருஷத்தில் ஒருநாள்கூடக் காய்ச்சல் என்று படுக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவே முடியாமல் இருக்கிறது.