தள்ளாடுகிறவர்களின் நடைப்பயணம்

என் கணவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து தோஸ்துகள் கூப்பிடுகிற இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை. காரணம் அவருடைய அப்பா.

மாமனாரை நான் பார்த்ததில்லை. நெட்டுக்குப்பத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். தெருவில் கால் அகட்டித் தள்ளாடி நடப்பார், பேச்சு குழறும், விழுவார். பிள்ளைகள் பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒருநாள் முகத்துவாரத்தில் படகில் ஏறும்போது தவறி விழுந்து செத்துப்போனார். குடித்துவிட்டு விழுந்தான் என்றது குப்பம். கொள்ளி வைத்த மகனும் அதைத்தான் நம்பினார். நாங்கள் கல்யாணமாகிக் காலடிப்பேட்டைக்குக் குடிவந்த பிறகும் அப்பாவின் படத்தை வீட்டில் மாட்டவிடவில்லை.

நாற்பது வயதைத் தாண்டியபோது இவருக்கும் கால் பின்ன ஆரம்பித்தது. முதலில் லாரிக் கேபினிலிருந்து இறங்கும்போது படி தவறியது. பிறகு நேராக நடக்க நினைத்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாயில் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எண்ணூர் சாலையில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி ஊதச் சொன்னார். ஊதினார். கருவியில் ஒன்றும் காட்டவில்லை. மறுபடி ஊதச் சொன்னார். அப்போதும் இல்லை. "மிசினு ரிப்பேரு போல கீது, நீ எறங்கி நடந்து காட்டு" என்றார். என் கணவர் நடந்து காட்டினார். அன்றோடு அவர் லாரி ஓட்டுவது முடிந்தது. முதலாளி நல்லவர்தான். ஆனாலும் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். காலையில் நான் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பும் நேரத்தில் அவர் பால் வாங்கிவரத் தெருவுக்கு இறங்குவார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒருநாள் கேட்டது: "பாரு, பல்லு கூட வெளக்கியிருக்க மாட்டான், அதுக்குள்ள ஏத்திகினு வந்துட்டான்." அவர் காதிலும் அது விழுந்தது. பால் பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "என்கூடவே பொறந்தது இது, எங்கப்பன் குடுத்துட்டுப் போன பேரு" என்றார். அப்பாவின் கெட்ட பெயர் தன்மேல் ஒட்டிக்கொண்டது என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். வியாதியும் அங்கிருந்துதான் வந்தது என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

எலும்பு டாக்டர், காது டாக்டர், சத்து ஊசி, தாயத்து என்று பல வருடம் அலைந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நரம்பியல் மருத்துவர் தலையை ஸ்கேன் எடுத்து, ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். அட்டாக்ஸியா என்றார்கள். சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகிற வியாதி. மிக அரிதானது, பரம்பரையாக வருவது. அதற்கு மேல் எங்களிடம் பேச அவருக்கு நேரமில்லை. வெளியே வரிசை நின்றது.

அந்த வரிசையில்தான் தண்டையார்பேட்டை அக்காவைச் சந்தித்தேன். ரெக்ஸின் பை வியாபாரம் செய்யும் பாய் வீட்டு அம்மா. இதே மாதிரி வியாதியில் தம்பியைப் பறிகொடுத்தவர். தம்பி போன பிறகும் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தவில்லை. எங்களைப்போல முழித்துக்கொண்டு நிற்கிறவர்களைத் தேடிப் பிடித்து ஒரு குழு சேர்த்திருந்தார். "ராயபுரத்துல ஒரு மீட்டிங் போடறோம்மா. டாக்டருங்க வந்து நின்னு நிதானமா பேசுவாங்க. மறுநாள் காலைல எல்லாரும் சேர்ந்து ஒரு நடை. ஜனங்களுக்குத் தெரியணும், அப்பதான் நாலு பேரு ஒதவி பண்ணுவாங்க. உன் வூட்டுக்காரரைக் கூட்டிகினு வா" என்றார்.

"நடக்க முடியாதவங்களை வெச்சு நடையா அக்கா?"

"வேற யாரை வெச்சு நடக்கிறது?" என்றார்.

மகளையும் அழைத்துக்கொண்டு போனோம். ஒரே மகள். பி.காம். முடித்துவிட்டு கப்பல் ஏஜென்சி ஒன்றில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கல்யாண மண்டபத்தின் வாசலிலேயே எனக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. உள்ளே ஒரு பெண்ணின் கைகள் அவளைக் கேட்காமலே ஆடிக்கொண்டிருந்தன. ஒருவருக்குக் கழுத்து நிற்கவில்லை, மனைவி தன் தோளில் தாங்கிப் பிடித்திருந்தாள். ஒரு தாய் தன் வளர்ந்த பிள்ளைக்கு மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். வரப்போகிற வருடங்களை எல்லாம் யாரோ ஒரே மண்டபத்தில் உட்காரவைத்து எனக்குக் காட்டுவதுபோல இருந்தது. என் கணவரும் பார்த்தார். முன் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மருத்துவர் ஒரு இளம்பெண். தமிழிலேயே பேசினார். மருந்து உண்டா என்று யாரோ கேட்டதும், "இன்னைக்கு இல்லை. ஆராய்ச்சி நடக்குது. பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்லை" என்றார்.

என் கணவர் மைக்கைக் கேட்டு வாங்கினார். அவர் பேசினால் கடைக்காரர்கள் 'என்னது, என்னது' என்று மூன்று தடவை கேட்பார்கள். அங்கே ஒருவர்கூடத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. எல்லாரும் அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள்.

"டாக்டர், எங்கப்பாவும் இப்டித்தான் நடந்துகினு இருந்தாரு. பேச்சும் இப்டித்தான். குடிகாரன், குடிகாரன்னு இத்தினி வருசமா நானே சொல்லிகினு கீறேன். அவருக்கும் இதானா?"

அம்மா பக்கத்தில் யாருக்காவது இருந்ததா என்று மருத்துவர் விசாரித்தார். இல்லை என்றதும் சற்று யோசித்தார். "ஆளைப் பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா அவர்கிட்டேருந்துதான் உங்களுக்கு வந்திருக்கணும். அவர் குடிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. குடிக்காம இருந்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருப்பார்."

மைக் அவர் மடியில் விழுந்தது. மூச்சு விடுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தண்ணி கேப்பாருமே," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "கைல சொம்பு நிக்காது. கீழ ஊத்திப்பாரு. நான் மூஞ்ச திருப்பிகினு போய்டுவேன். ஒருவாட்டி கூட அவரு வாயாண்ட சொம்பை வெச்சுக் குடுக்கலமே." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மடியில் கிடந்த மைக்கை மகள் எடுத்தாள். எழுந்து நின்றாள். வீட்டில் நாங்கள் மூவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசாததை அத்தனை பேர் முன்னால் கேட்டாள். "அப்போ எனக்கு வருமா மேடம்?"

"பாதிக்குப் பாதி வாய்ப்பு," என்றார் மருத்துவர். "பரிசோதனை பண்ணித் தெரிஞ்சுக்கலாம். ஆனா தெரிஞ்ச பிறகு அதைத் தெரியாததா ஆக்க முடியாது. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, தடுக்கவும் கூடாது. நல்லா யோசிங்க."

அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்த மனிதர் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும்போது, "டெஸ்ட்டு கிஸ்ட்டு ஒண்ணும் வாணாம் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை காசிமேட்டிலிருந்து கடற்கரைச் சாலை ஓரமாக நடை கிளம்பியது. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் கொடுத்தார்கள். சக்கர நாற்காலிகள் முன்னால் போயின. இவர் நாற்காலி வேண்டாம் என்றார். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மகளும் பிடித்துக்கொண்டோம். ஒரு பக்கம் பாறைகள்மேல் அலை அடித்தது. மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஊர்ந்தன. டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் கிளாஸை உயர்த்திச் சிரித்தார். "இன்னா மாமு, காலங்காத்தாலயே ஃபுல்லா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப்போட்டேன். இவர் நின்றுவிட்டார். எங்கள் கைகளை உதறிவிட்டு அந்த ஆள் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார். "குடிக்கல நைனா. வியாதி. எங்கப்பாருக்கும் இதான். அவரும் குடிக்கல."

அந்த ஆள் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ. அதற்குள் ஒரு டிரெய்லர் பெரிய ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் கடந்தது. பிடி இல்லாமல் நின்றிருந்தவர் அப்படியே முகம்குப்புற விழுந்தார். தாடை கிழிந்து பனியனெல்லாம் ரத்தம். அக்கா ஓடிவந்து தன் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்தார். டீக்கடைக்காரரும் இன்னும் சிலரும் சேர்ந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தெருவில் நடக்கவே இல்லை.

சில மாதங்கள் கழித்து மகள் பரிசோதனை செய்துகொண்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முடிவு சொல்கிற அன்று மட்டும் என்னைக் கூட்டிப்போனாள். மண்டபத்தில் பேசிய அதே மருத்துவர். கதவைச் சாத்திவிட்டு எங்கள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கும்மா," என்றார். "எப்ப ஆரம்பிக்கும்னு சொல்ல முடியாது. இப்போ எந்த அறிகுறியும் இல்லை."

நான்தான் கதறினேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்தச் சாமியிடம் எதைக் கேட்பது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. என் சிறுமூளையை எடுத்து இவளுக்கு வையுங்கள் என்று மருத்துவரிடம் பைத்தியக்காரிபோலச் சொன்னதாக ஞாபகம். பேருந்தில் வரும்போது ராயபுரம் பாலம் தாண்டியதும் அவள் சொன்னாள், "நைனா கிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நான் சொல்றேன்."

வீட்டில் அவர் கதவையே பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் அவர் காலடியில் குந்தினாள்.

"இல்ல நைனா. எனக்கு இல்ல."

அவர் அவள் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தார். நடுங்குகிற கைகள். பிடி நழுவி அவள் முகத்திலும் தோளிலும் பட்டது. "உண்மையாவா? உண்மையாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். "எங்கப்பன் எம்பொண்ண உட்டுட்டாருமே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். தெரு முழுக்க லட்டு கொடுக்கச் சொன்னார். எதிர்வீட்டுக்கும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

சமையலறையில் அவளிடம் கேட்டேன். "எத்தினி நாளுக்கு இத மறைக்க முடியும்?"

"அவரு காலம் முடியற வரைக்கும்," என்றாள்.

ஆனால் பயம் விலகியதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்க்கவேண்டும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடச் சொல்லி என் உயிரை வாங்கினார். வந்த வரன்களை எல்லாம் அவள் வேண்டாம் என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. "உனக்குத்தான் ஒண்ணுமில்லியே. இன்னாத்துக்கு வாணான்ற? உங்கப்பன் நொண்டின்னு வெக்கமா கீதா?" ஒருமுறை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். அவள் துடைத்துவிட்டு வேறு தட்டில் பிசைந்து ஊட்டினாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இந்த வருட நடைக்கும் போனோம். அவள்தான் நாற்காலியைத் தள்ளினாள். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு. இவளுக்கு இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். உண்மை தெரிந்த அக்கா புன்னகைத்துவிட்டு முன்னால் போய்விட்டார். நடை முடிகிற இடத்தில் அந்த மருத்துவர் நின்றிருந்தார். இவர் அவருடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும்மா. எம்பொண்ண காப்பாத்திக் குடுத்தீங்க."

மருத்துவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். சொல்லவேண்டாம் என்று அவள் மிக லேசாகத் தலையை அசைத்தாள். மருத்துவர் கையை விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார்.

வள்ளூரிலிருந்து ஒரு வரன் இப்போது வந்திருக்கிறது. பையன் மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை. அவர் தயங்கித் தயங்கித்தான் அவளிடம் சொன்னார், திட்டுவாள் என்று. "சரி நைனா, வரச் சொல்லு" என்றாள். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

நான் அவளைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன், உனக்கென்ன பைத்தியமா என்று.

"அந்தப் பையன்கிட்ட உண்மைய சொல்லிடுவேம்மா," என்றாள். "'இன்னா காரணம் வேணும்னாலும் சொல்லிக்கோ, பொண்ணு வாணான்னு நீயே சொல்லிட்டுப் போ'ன்னு அவனக் கேப்பேன். வேணான்னு அவன் சொன்னா, நைனா அவனத் திட்டுவாரு. என்னைத் திட்ட மாட்டாரு இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அவர் தன்னுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்திருக்கிறேன். கேசரிக்கு ரவையும் நெய்யும் வாங்கி வைத்திருக்கிறேன்.