எனக்கு நம்பர் போட்டவன்

கண்டியில் சுற்றுலா வேன் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் நாங்கள் இரண்டு பேர் கைடுகளாக இருந்தோம். இருவருக்கும் ஒரே பெயர், அதுவும் கண்டி ராஜாக்கள் பலருக்கு இருந்த பெயர். நான் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன். அவன் கடுகண்ணாவைக் கடைக்காரர் மகன்.

முதல் நாளே வேன் டிரைவர் எங்களை ஒண்ணு, ரெண்டு என்று கூப்பிடப் பார்த்தார். அவன்தான் தடுத்தான்.

"வேணாண்ணே. ராஜாவுக்கே செத்த பொறகுதான் நம்பர். ஒருத்தன ஒண்ணுன்னா மத்தவன் ரெண்டாயிடுவான். பன்சலையில பிக்குமாரு ஒரே பேர்ல பத்துப் பேர் இருந்தாலும், பொறந்த ஊர முன்னால சேத்துத்தானே சொல்றாங்க? எங்களையும் அப்படியே கூப்பிடுங்க."

அன்றிலிருந்து நான் தெல்தோட்டை, அவன் கடுகண்ணாவை. எனக்கு அவன் மேல் உயிர்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்த ராஜாக்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வெள்ளைக்காரனைப் பிடித்து வைத்தவர், சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்தவர், கடைசியில் பிடிபட்டு வேலூருக்குப் போனவர் என்று நான் பிரித்துச் சொல்வேன். "கூட இருந்தவங்களே காட்டிக்கொடுத்தாங்க" என்னும் இடத்தில் குரலைத் தாழ்த்துவேன். வேனில் பலர் கண்ணைத் துடைப்பார்கள். வாவிக்கரையில் உட்கார்ந்து அதை அவனுக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். கூட்டாளிக்கு இல்லாத கதையா?

பிறகு யாவாரம் படுத்தது. ஒருவனைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார் முதலாளி. அந்த நேரம் மதுரையிலிருந்து ஒரு கூட்டம், போன முறை ராஜா கதை சொல்லி அழ வைத்தவரே வேண்டுமென்று பெயர் சொல்லிக் கேட்டது. அழ வைத்தது நான். அந்த வேனில் அவன் ஏறவே இல்லை. அதை ஓட்டிய டிரைவரோ வேலையை விட்டுப் போயிருந்தார்.

"உங்கள்ல யாரு அது?" என்றார் முதலாளி.

"நான்தான், முதலாளி" என்றான் அவன்.

"டேய், என்னடா சொல்ற? நான்தானே போனேன்!"

அவன் என் பக்கம் திரும்பவில்லை. "இவன் என்கிட்ட கேட்டுப் படிச்சவன் முதலாளி. வேணும்னா சொல்லிக் காட்டுறேன்."

சொல்லியும் காட்டினான், பாவி. நான் குரலைத் தாழ்த்தும் அதே இடத்தில் தாழ்த்தினான். வேலை அவனுக்குப் போனது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே முதலாளி போனில், "ஒருத்தன வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன். எவன்னு சொல்றது, ரெண்டு பேருக்கும் ஒரே பேராச்சே" என்று சிரித்தார்.

"ரெண்டாவது ஆளுன்னு சொல்லுங்க முதலாளி" என்றான் அவன்.