பூண்டு பட்டால் செத்துப்போகும் நிக்கல்

கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி, செய்கிற தொழிலில் சிரிப்பு ரொம்பக் குறைவு: சூளை, சல்லடை, டிரம், மறுபடி சூளை. ஆனாலும் இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களை ஒரு தடவையாவது சிரிக்க வைப்பேன், இது வாக்கு. உடனே இல்லை. என்னைப் போலவே சின்னக் கம்பெனியில் ஷிப்டு பார்த்துவிட்டு, எலெக்ட்ரிக் ரயிலில் நின்றுகொண்டே வீடு திரும்புகிறவர்களுக்குக் காத்திருப்பது புதுசா என்ன? முதலில் பாடம்.

பாடம்

எங்கள் கம்பெனி இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்த கையோடு டெஸ்டிங் ரூமில் சேர்ந்தேன். நாங்கள் செய்வது பீங்கான் மாதிரி இருக்கும் வெள்ளை வளையங்கள். அவற்றைப் பச்சை நிற நிக்கல் கரைசலில் முக்கி, காயவைத்து, சூளையில் சுடுவோம். சாம்பல் நிறமாகி வரும். மறுபடி முக்கு, மறுபடி சுடு. வடக்கே உர ஆலைகளில் இந்த வளையங்களை நீளக் குழாய்களுக்குள் நிரப்பி, குழாய் பழுக்கப் பழுக்கக் காய்ச்சி, இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் ஹைட்ரஜன் வரும். நிக்கல் பக்கத்தில் நின்று காரியத்தை நடத்திக் கொடுக்கும். தான் மட்டும் தீர்ந்துபோகாது.

உடைந்த வளையங்களைப் பொறுக்கியெடுக்கும் கன்னியம்மா அக்காவுக்கு இதை ஒரு நாள் விளக்கினேன். அக்கா கையிலிருந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரையும் வேலை வாங்கிட்டு, தான் மட்டும் தேயாம கீதா? அப்போ அது சூப்பர்வைசர்னு சொல்லு."

தொண்டை

நான் வாக்குக் கொடுத்த சிரிப்பு இது இல்லை. அதற்கு முன் என் தொண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை காதில் விழுந்த குரல் அதில் ஒட்டிக்கொள்ளும். தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்புக்காரர், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டிரான்சிஸ்டர் விற்கிறவர், பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். ஆனால் சொத்து என்று சொன்னால் எங்கள் சீஃப் கெமிஸ்ட் ரங்கராஜன் சாரின் குரல்தான். மூக்கிலிருந்து கிளம்பும். ஒவ்வொரு பேச்சும் "வெளங்கிச்சா?" என்றுதான் முடியும்.

கம்பெனியில் அறைக்கு அறை இன்டர்காம். ஒரு நாள் பொழுது போகாமல் சூளைக்குப் போன் போட்டு, சாரின் மூக்கைக் கடன் வாங்கி, "தணிகாசலம், சூளைப் பக்கம் கொறட்டைச் சத்தம் கேக்குது. வெளங்கிச்சா?" என்றேன். சூளைக்காரர் பதறிப்போய்ச் சொன்ன பதில்: "கொறட்டை இல்ல சார், அது ப்ளோயர் காத்து ஊதற சத்தம் சார்! நான் நல்லா முழிச்சிகினுதான் கீறேன் சார்!"

மோசஸ் அண்ணன்

வளையங்களை டிரம்களில் அடைக்கும் பேக்கிங் ரூமுக்கு மோசஸ் அண்ணன் புதிதாக வந்தார். கோவிலம்பாக்கத்தில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தது. ஆனால் மாமனார் ஒரே பிடி: வேலை பெர்மனென்ட் ஆனால்தான் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது. ரங்கராஜன் சார் முதல் நாளே அவரை நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். "சரக்கைச் சோதிக்க வடக்கேருந்து இன்ஸ்பெக்டர் வருவாரு. இந்த லோடு பாஸாச்சுன்னா நீ பெர்மனென்ட். ஒண்ணே ஒண்ணு, கந்தகம் கிட்டயே வரக் கூடாது. நிக்கலுக்கு அது விஷம். வெளங்கிச்சா?"

சார் சொன்னது நிஜம். எரிவாயுவில் துளிக் கந்தகம் கலந்து வந்தாலும் நிக்கல் மேல் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கெடுத்துவிடும். தீக்குச்சி மருந்தில் கந்தகம் இருக்குமே என்று மோசஸ் அண்ணன் அன்றைக்கே தன் தீப்பெட்டியை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டார். இவ்வளவு பயப்படுகிற மனிதரைக் கொண்டுவந்து கண்ணெதிரே நிறுத்தினால் நான் என்னதான் செய்வேன், சொல்லுங்கள்? மத்தியானம் அவர் டிபன் பாக்ஸிலிருந்து பூண்டு ஊறுகாய் வாசனை கும்மென்று வந்தது. நேரே டெஸ்டிங் ரூமுக்குப் போய்ப் போனை எடுத்தேன். "மோசஸ், பூண்டுல இருக்கறதும் கந்தகந்தான். முட்டையில இருக்கறதும் கந்தகந்தான். அதைத் தின்னுட்டு நீ டிரம் பக்கத்துல நின்னு மூச்சு விடற. வெளங்கிச்சா?"

அந்தப் பக்கம் டிபன் பாக்ஸை மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "சார், அப்போ மூச்ச நான் எங்க போயி சார் விடட்டும்?"

வாசல் சோதனை

அன்றிலிருந்து மோசஸ் அண்ணனுக்கு மூன்று வேளையும் தயிர் சாதம். நானும் விடவில்லை; நினைத்தபோதெல்லாம் சாராகப் போன் போட்டு விசாரித்தேன். ஆனால் அவர் அதோடு நிற்பார் என்று நினைத்தது என் தப்புக்கணக்கு. பேக்கிங் ரூம் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிறவர்கள் எல்லாரையும் ஊதச் சொன்னார். எனக்கும் விலக்கு இல்லை. நான் பொட்டலம் கட்டி வாங்கி வந்த முட்டை போண்டா வாட்ச்மேன் வயிற்றுக்குப் போனது.

கன்னியம்மா அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். "இன்னாண்ணா இது பேஜாரு? போலீஸ்காரங்கூட எங்க வூட்டுக்காரரத்தான் ஊதச் சொல்வான். என்னிய ஊதச் சொன்ன மொத ஆளு நீதான்."

இன்ஸ்பெக்டர்

வந்தவர் திருநெல்வேலிக்காரர், வடக்கே ஒரு உர ஆலையில் பெரிய பதவி. ரங்கராஜன் சார் அவரைப் பேக்கிங் ரூமுக்கு அழைத்து வந்தார். ஸ்டூலை விட்டு எழுந்த மோசஸ் அண்ணன் கை கட்டிக்கொண்டு, "மன்னிக்கணும் சார். காலையில பூண்டு, முட்டை ஏதாச்சும் சாப்டீங்களா? ஒரு வாட்டி ஊதுங்க சார்" என்றார்.

நான் பக்கத்திலிருந்த சல்லடைக்குப் பின்னால் மெல்லக் குனிந்துகொண்டேன். இவர் கோபித்துக்கொண்டு போனால் லோடும் போச்சு, வேலையும் போச்சு, கோவிலம்பாக்கமும் போச்சு. ரங்கராஜன் சார் முகம் நிக்கல் கரைசல் நிறத்துக்கு வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் மோசஸ் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து, பையன் மாதிரி உஃப் என்று ஊதினார். "இட்லியும் சீனியுந்தான் தின்னேன். போதுமாவே?"

உள்ளே போய் டிரம்களைத் திறந்தார், சலித்தார், வளையங்களை நசுக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வெளியே வந்ததும், இந்த வாசல் காவல் யாருடைய ஏற்பாடு என்று விசாரித்தார். மோசஸ் அண்ணன் பெருமையோடு சாரைக் காட்டினார். சார் ஒன்றும் புரியாமலே, "ஆமாம், நான்தான்" என்றார். இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க ஆலையில போன லோடு கந்தகம் ஏறித்தான் செத்துச்சு. கந்தகத்துக்கு இப்படிப் பயப்படுத ஆளுகள நான் இப்பத்தான் பாக்கேன்."

பெர்மனென்ட்

கார் கேட்டைத் தாண்டியதும் ரங்கராஜன் சார் மோசஸ் அண்ணன் தோளைத் தட்டினார். "லோடு பாஸு, நீயும் பெர்மனென்ட். அது சரி, இந்தப் பூண்டுக் கூத்தை எவன்யா உனக்குச் சொன்னது? எனக்கே இன்னிக்கு மத்தியானம் பூண்டுக் குழம்புதான்."

"நீங்கதானே சார் தெனமும் இன்டர்காம்ல..."

"நானா? என் ரூம் இன்டர்காம் நீ சேர்றதுக்கு முன்னாடியே செத்துப்போச்சேய்யா!"

அந்தச் சங்கதி எனக்கும் அப்போதுதான் தெரியும். மோசஸ் அண்ணன் சாரின் மூக்கைப் பார்த்தார். பிறகு டெஸ்டிங் ரூம் பக்கம் பார்த்தார். அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, சல்லடைக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். பக்கத்தில் வந்து என் தோளில் கை போட்டு, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற அதே அன்போடு சொன்னார்: "தம்பி, கோவிலம்பாக்கத்துல பிரியாணி போடறோம், குடும்பத்தோட வந்துடு. எல்லாருக்கும் பிரியாணி, உனக்கு மட்டும் தயிர் சாதம். வெளங்கிச்சா?"

குரல் என்னுடையது, கை குலுக்கல் ரங்கராஜன் சாருக்கு, கல்யாணம் மோசஸ் அண்ணனுக்கு என்று பிரிந்துபோனதில், இன்னொருத்தர் மூக்கால் பேசிப் பிழைப்பதில் பெரிய வருமானம் கிடையாது என்று கண்டுகொண்டேன்.