மருந்து தெளித்த சேறு

பாபநாசத்தில் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் நேற்று ‘இயற்கையோடு ஒரு நாள்’ என்று பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். வெயில் படாமல் பந்தல் போட்டு, நீல பிளாஸ்டிக் தட்டுகளில் சேற்றைப் பரப்பி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். குனிந்தால் ஆஸ்பத்திரி நெடி அடித்தது.

“பயப்படாதீங்க மேடம், கிருமி மருந்து தெளிச்சிட்டோம்” என்றார் மிஸ், பெருமையாக.

சேற்றுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. இந்தப் பள்ளியின் வேன்கள் நிற்கிற சிமென்ட் தளத்துக்கு அடியில்தான் எங்கள் வாய்க்கால் கிடக்கிறது; நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆற்றில் தண்ணீர் நின்றதும் அது வற்றி, அழுகிய வைக்கோலும் நத்தையும் பாசியுமாக நாறும், இறங்கினால் முழங்கால்வரை சளக்கென்று உள்ளே இழுக்கும், கரையோரம் நண்டு வளைக்குள் கையை விட்டுக்கொண்டு மூச்சுப் பிடித்துக் காத்திருப்போம், முதலில் சில்லென்ற ஈரம் தெரியும், அப்புறம் ஏதோ அசையும், அப்புறம் யாராவது அலறுவோம், பள்ளிக்கூட மணி அடிப்பது காதிலேயே விழாது. அந்த வாய்க்காலைத் தூர்த்து மூடிய மகராசர்கள்தான் இப்போது தட்டில் சேறு பரிமாறுகிறார்கள்.

சேற்றில் பார்த்த உயிரினத்தை வரைய வேண்டுமாம். என் மகள் பூதக்கண்ணாடியோடு நெடுநேரம் துழாவிவிட்டு நிமிர்ந்தாள்.

“இதுல ஒண்ணுமே இல்லையே மிஸ்?”

“செவுத்துல நண்டு வரைஞ்சிருக்குல்ல, அதைப் பாத்துப் போடும்மா.”

அவளும் சுவரைப் பார்த்து வரையத் தொடங்கினாள். அந்த நண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. என் விரலைக் கவ்விய நண்டு எதுவும் சிரித்ததில்லை.