சம்மர் கட் வாங்கிய ரோஸ்மேரி

முடிதிருத்தும் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் 'சம்மர் கட்' என்றுதான் பேர். ஓரத்தை மட்டும் எடுக்கச் சொல்லி உட்கார்ந்தவர்கூட ஒட்ட வெட்டிய தலையோடுதான் எழுந்திருப்பார். முகம் சுளித்தால், ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும் என்பார். வளரவும் செய்யும், அதில் பொய் இல்லை.

மகளின் பிரசவத்துக்காக அவர் மனைவி மூன்று மாதம் வெளியூர் போனாள். தோட்டத்து ரோஸ்மேரிக்குத் தண்ணீரை அதிகம் ஊற்றிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஆறு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி. உருளைக்கிழங்கு வறுத்தாலும் சரி, தலைக்கு எண்ணெய் காய்ச்சினாலும் சரி, அதில் ஒரு கொத்து கிள்ளிப் போடாவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது.

தண்ணீர் விஷயத்தில் மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்டார். ஆனால் கடைக்கு விடுமுறையான நாளில் கை சும்மா இருக்குமா? பரட்டைத் தலை மாதிரி நின்ற செடியைப் பார்த்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். பச்சையெல்லாம் போய்ப் பழுப்புக் கட்டை தெரியும்வரை வெட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

ஒரு மாதம் ஆயிற்று. ஒரு துளிரைக் காணோம். நர்சரிக்காரரைக் கேட்டால், இலையில்லாத பழைய கட்டையில் ரோஸ்மேரி துளிர்க்காது என்று கையை விரித்தார். சம்மர் கட் வீட்டுக்கு ஓடிவந்து கட்டையைச் சுற்றிச் சுற்றித் தேடினார். சுவர்ப் பக்கமாக ஒரே ஒரு பச்சைக் கிளை கண்ணுக்குத் தப்பியிருந்தது. அதில் பத்து நுனி எடுத்து, அடியிலைகளை உருவி, மணல் கலந்த மண்ணில் நட்டார். ஆறு கருகிப்போயின, நாலு வேர் பிடித்தன. மனைவி போனில் செடியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், பேத்தி தூங்குகிறாளா என்று பேச்சை மாற்றினார்.

அவள் திரும்பி வந்த அன்று, பையைக் கீழே வைப்பதற்குள் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கட்டையையும் நாலு சின்னத் தொட்டிகளையும் காட்டி, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார்.

அவளுக்குக் கண் கலங்கியது. "முடின்னு நெனச்சிட்டீங்களா?" என்றாள்.

"ஆமா. வளந்துடும்னு நெனச்சேன்."

"செடி போனாக்கூடப் பரவாயில்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம தனியா கெடந்து தவிச்சிருக்கீங்களே."

பிறகு ஒரு தொட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டால்தான் பக்கக் கிளை விடும் என்றாள். உள்ளே போய் அவருடைய கத்தரிக்கோலையே கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

முப்பது வருடத் தொழிலில் அவர் எந்தத் தலையையும் கேட்டுவிட்டு வெட்டியதில்லை. கத்தரிக்கோலை நுனியருகே கொண்டுபோய் நிறுத்தி, மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இங்கயா?" என்று கேட்டார்.