வருத்தம் பார்க்கப் போன கதிரைக் கொம்பனி

வெள்ளைக்காரக் கடற்படை கப்பலேறிப் போன வருஷம் திருகோணமலையில் பாதிச் சனம் அழுதது, மீதிச் சனம் ஏலத்துக்குப் போனது. என் மனிதர் இரண்டையும் செய்தார். துறைமுகத் தளத்தின் களஞ்சியத்தில் எழுத்து வேலை பார்த்தவர், வேலை போய்விட்டது. கடைசிச் சம்பளத்தோடு வருவார் என்று நான் உலை வைத்துவிட்டுப் பார்த்திருந்தேன். ஒரு வண்டில் நிறைய மடக்குக் கதிரைகளோடு வந்து இறங்கினார். கப்பல் துரைமார் குந்தியிருந்து பாட்டுக் கேட்ட கதிரைகளாம். வீட்டில் அரிசி கிடக்கிறதோ இல்லையோ என்று தெரியாத மனிதருக்கு, எந்தக் கதிரையில் எந்தத் துரை குந்தினார் என்பது வரைக்கும் தெரிந்திருந்தது.

"இஞ்சருங்கோ, இதுகளை அவிச்சுத் தின்னிறதோ, பொரிச்சுத் தின்னிறதோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறும். இதுகளை வாடகைக்கு விட்டு நான் ஒரு கொம்பனி துவங்கப் போறன்" என்றார்.

அதற்குச் சில நாள் முந்தித்தான் கொழும்பிலிருந்து வந்த கனவான் ஒருவர், சின்னக் கடைக்காரன் பெரிய கொம்பனி கட்டுவதற்கு என்னென்ன குணம் வேண்டும் என்று நகர மண்டபத்தில் பேசிவிட்டுப் போயிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பேச்சைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தார். தூரநோக்கு வேண்டும். துணிவு வேண்டும். நேரம் தவறக்கூடாது. முகம் எந்த நேரமும் மலர்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்பதை அவர் வாய் திறக்க முன்னரே அறிந்திருக்க வேண்டும். அந்தக் கனவான் என்ன கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்தேன். கடை ஒன்றும் இல்லையாம், அரசாங்க உத்தியோகமாம்.

வாசலில் பலகை ஏறியது. அவர் பெயருக்குப் பின்னால் 'அன்ட் கோ' என்று எழுதியிருந்தது. அது யார் என்று கேட்டேன். கூட்டாளிகளைக் குறிக்கும் என்றார். கூட்டாளி யார் என்று கேட்டேன். மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே நான் ஒருத்திதான் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நான் கொம்பனியின் கூட்டாளி, அவர் முதலாளி. கதிரை கழுவுவது, வெயிலில் காயப் போடுவது, கழன்ற ஆணியை அடிப்பது எல்லாம் கூட்டாளியின் பொறுப்பு. தூரநோக்கு முழுவதும் முதலாளியின் பொறுப்பு.

ஆனால் அவருடைய தூரநோக்குக்கு ஒரு சின்ன விஷயம் எட்டவில்லை. செத்த வீட்டுக்குப் போன கதிரையை எங்கள் சனம் கலியாண வீட்டுக்குள் எடுக்காது. கிண்ணியாப் பக்கத்துச் சோனக முஸ்லிம் வீடுகளில் அவ்வளவு பார்க்க மாட்டார்கள். எங்கள் ஆட்களோ அடையாளம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசியில் நான்தான் பாதிக் கதிரைகளின் அடியில் கறுப்புப் பூசி, இது அழுகைக்கு, இது மேளத்துக்கு என்று பிரித்து வைத்தேன். முதலாளி தன் மலர்ந்த முகத்தைப் பிரித்து வைக்கவில்லை. முதல் செத்த வீட்டில் இறங்கியதும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டி, "வணக்கம், வணக்கம்" என்று கும்பிட்டாராம். பிணத்தின் மைத்துனர் கையை ஓங்கிக்கொண்டு வந்ததாகக் கேள்வி.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரு மச்சாள் இருந்தாள். என் தாய்மாமனின் மகள், என் வயதுக்காரி. ஒரே பாயில் படுத்து, ஒரே கோப்பையில் தின்று வளர்ந்தோம். கலியாணமாகி அவள் ஓர்ஸ் ஹில்லுக்குப் போனாள். நான் பட்டணத்துக்குள்ளேயே கிடந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தெரிந்த வீட்டில் யாருக்காவது வருத்தம், உடம்புக்கு ஏலாது என்றால் பின்னேரம் சேர்ந்து போய்ப் பார்ப்போம். கையில் நாலு தோடம்பழம், வாயில் ஊர்க் கதை. வருத்தக்காரரின் தலைமாட்டில் அவள் குந்துவாள், கால்மாட்டில் நான் குந்திக் காலைப் பிடித்துவிடுவேன். அவள் பகிடி விட்டால் சாகக் கிடக்கிறவரும் சிரித்துவிட்டு ஒரு மிடறு கஞ்சி குடிப்பார். வருத்தம் பார்க்கப் போவதைப் போல மனதுக்கு நிறைவான அலுவல் எனக்கு வேறு இருக்கவில்லை. இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அந்த நாளையில் முதலாளிக்குத் திடீரென்று என்மேல் கரிசனை பிறந்தது. சாப்பாட்டில் குந்தினால், "இண்டைக்கு ஆரைப் பார்த்தனீர்? எப்பிடி இருக்கினம்?" என்று கேட்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது எட்டிப் பார்க்காத மனிதர், ஊர் வருத்தக்காரருக்காக இப்படி உருகுகிறாரே, கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நான் மகிழ்ந்து போனேன். கால் வீங்கியிருக்கிறது, மூச்சு மேலுக்கு இழுக்கிறது, ஆளைத் தெரியவில்லை என்று கண்டதையெல்லாம் ஒப்பித்தேன். என்னைப் போல மடைச்சி வேறு எந்தக் கொம்பனிக்கும் கூட்டாளியாக வாய்த்திருக்க மாட்டாள்.

தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறிய ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, "பாவம், விடியக் காணமாட்டார்" என்றேன். அவரும் காணவில்லை. காலையில் அவருடைய மகன் வாசல் படலைக்கு வந்து, கதிரைக்கு யாரை அனுப்பலாம் என்று யோசித்து நிற்க, ஒழுங்கை முடக்கில் எங்கள் வண்டில் நின்றதாம். "நாங்கள் சொல்லியனுப்ப முன்னமே வந்திட்டீங்களே, தெய்வம் போல!" என்று அந்தப் பிள்ளை முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாம். தெய்வம் வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு கூடத் தின்றது. இப்படியே இன்னும் சில வீடுகள். செத்த வீட்டுக்குக் கதிரை என்றால் அந்தக் கொம்பனிதான், சொல்ல முதல் வந்து நிற்கும் என்று பேர் பரவியது. நான் ஏதோ முதலாளியின் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

பிறகு சுருட்டுக் கடை ஐயா படுக்கையில் விழுந்தார். போய்ப் பார்த்தேன். வாய் கோணி, கண் செருகிக் கிடந்தார். வீட்டுக்கு வந்து வழமை போல ஒப்பித்தேன். அடுத்த நாள் காலமை எங்கள் வண்டில் அவருடைய படலைக்கு நேரே போய் நின்றது. வண்டில்காரர் குறிஞ்சாக்கேணி ஆள். நேரம் தவறக்கூடாது என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்ததால் அவர் நேரம் தவறாமல், "கதிரை வந்திருக்கு, எங்கின இறக்கிற?" என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தது யார் தெரியுமோ? சுருட்டுக் கடை ஐயா.

"என்ன விசேஷம்? எனக்குத் தெரியாமல் என்ர வீட்டில ஏதும் கலியாணமோ?"

வண்டில்காரர் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு மாட்டைத் திருப்பப் பார்த்தார். ஐயா விடவில்லை. ஒரு கதிரையை இறக்குவித்து, படலையடியில் விரித்து, அதில் குந்தியிருந்து போகிற வருகிற எல்லாரிடமும் கதையைச் சொன்னார். மத்தியானத்துக்குள் கதை துறைமுகத்தைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் மனிதர் பல வருஷம் இருந்தார். கோதாரி விழ, அவ்வளவு காலமும் அந்தக் கதையைத்தான் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது. வாடிக்கையாளர் வாய் திறக்க முன்னர் தேவையை அறிகிற குணம் முதலாளிக்கு எங்கேயிருந்து வந்தது என்று விளங்கியது. நான் சட்டி பானை எல்லாவற்றையும் அடித்துச் சத்தம் வைத்தேன். அவர் அமைதியாக, "ஒரு பிழை விட்டுப்போச்சு. கொம்பனி எண்டால் துணிவு வேணும்" என்றார். அதற்குப் பிறகு வருத்தக்காரரைப் பற்றி நான் அவருக்கு ஒரு சொல் சொல்லவில்லை. என்ன பிரயோசனம்? ஊர் முதலாளியை மன்னித்துவிட்டது. ஆம்பிளை, தொழில் செய்கிறார், செய்யத்தானே வேணும். என்னை மன்னிக்கவில்லை. "ஊரில ஒரு சாவெண்டால் அவவுக்குக் கழுகுக்கு வேர்த்த மாதிரி மூக்கில வேர்த்திடும்" என்றார்கள். "ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்" என்று என் காதுபடவே சொன்னார்கள். தோடம்பழத்தோடு நான் ஒழுங்கையில் இறங்கினால் சனம் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே எடுக்கும். எந்தப் படலைக்குப் போனாலும் வருத்தக்காரர் அப்போதுதான் நித்திரையாகியிருப்பார்.

மச்சாள் மட்டும் என்னை விடவில்லை. "உனக்குப் பயந்து சனத்துக்கு இப்ப வருத்தமே வாறேல்லையடி. டொக்டர்மார்தான் பாவம்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததால்தான் நான் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

கொம்பனியோ வளர்ந்துகொண்டே போனது. வண்டில் போய் லொறி வந்தது. ஒலிபெருக்கி வந்தது, தகரப் பந்தல் வந்தது. கந்தளாயிலிருந்து கூட வந்து கதிரைக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். நகர மண்டபத்தில் எங்கள் முதலாளியையே மேடையில் ஏற்றி, வெற்றிக்கு வேண்டிய குணங்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். அரைமணி நேரம் பேசினார். கூட்டாளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் முன்வரிசையில் இருந்தேன். நல்ல வேளை, கையில் எறிவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அப்படியிருக்க மச்சாளுக்கு வருத்தம் வந்தது. வயிற்றில் ஏதோ என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறிப் போனேன். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கும் அவளுடைய மகன் படலையடிக்கு வந்தான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. படலையைத் திறக்கவில்லை.

"அம்மா இப்பதான் நித்திரை, மாமி."

அந்த நித்திரையை எனக்குத் தெரியும். எத்தனை படலையில் கேட்ட நித்திரை! இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"குறை நினைக்காதேங்கோ மாமி. நீங்கள் வந்தால் அம்மா... வீட்டில எல்லாருக்கும் ஒரு மாதிரிக் கிடக்கு. பொம்பிளையள் பயப்பிடுகினம்."

"உன்ர அம்மா பயந்தவவோ? அவவைக் கேட்டனியோ?"

அவன் பதில் சொல்ல முதல் உள்ளேயிருந்து அவளுடைய குரல் வந்தது. மெலிந்திருந்தது, ஆனால் அவளுடைய குரல்தான். "ஆர் தம்பி அது? ஆர் வந்திருக்கினம்?"

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாண்காரன், அம்மா."

வீடு வீடாகப் பாண் ரொட்டி விற்கிறவனாம் நான். கத்தியிருக்கலாம். கத்துவதற்கு எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் சுகமில்லாமல் கிடப்பவள் என் மச்சாள். நான் கத்தி, அதைக் கேட்டு அவளுக்கு ஏதும் ஆகிவிட்டால், அதையும் என் மூக்கின் வேலை என்பார்கள். தோடம்பழத்தைப் படலையடியில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். வழி முழுக்க அழுதேன். சனம் பார்த்தது. ஆருக்கோ நாள் குறித்துவிட்டு வாறா என்று நினைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்து முதலாளியிடம் கேட்டேன். "இந்தச் செத்த வீட்டு அலுவலை விடுங்கோ. கலியாண வீடு போதும். நான் அவளைப் போய்ப் பார்க்க வேணும்."

"உமக்கென்ன விசரே? கலியாணம் ஆவணியில வரும், தையில வரும். சாவு மாசம் பார்த்தே வாறது? கொம்பனி என்னெண்டு நிக்கிறது?"

"கொம்பனி நாசமாய்ப் போகட்டும். எனக்கு என்ர மச்சாள் வேணும்."

"சும்மா பதறாதையும். கொஞ்ச நாளில சுகம் வந்திடும், ஆறுதலாய்ப் போய்ப் பாரும்" என்றார். ஊருக்கெல்லாம் முன்கூட்டித் தெரிந்து வண்டில் அனுப்பிய மனிதர்.

ஒரு காலமை வளவில் கதிரைகளைக் கழுவி வெயிலில் விரித்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் யாரோ வந்த சத்தம் கேட்டது. முதலாளியின் குரலும் கேட்டது. சிரிக்காத குரல். இவ்வளவு காலத்தில் அதை மட்டும் பழகிவிட்டார்.

"எத்தினை பேருக்கு, தம்பி? பந்தலும் வேணுமோ?"

எட்டிப் பார்த்தேன். சவரம் செய்யாத முகத்தோடு மச்சாளின் மகன் நின்றான். என்னைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தான். எனக்குச் சொல்வதற்கு அவன் வரவில்லை. கதிரைக்குச் சொல்ல வந்திருந்தான். கதிரைக்காரி என்ற முறையில்தான் என் மச்சாள் செத்தது எனக்குத் தெரிய வந்தது.

ஈரச் சேலையோடே லொறியில் ஏறினேன். "நீர் பிறகு வாரும், ஆறுதலாய்" என்று முதலாளி ஏதோ சொன்னார். நான் பார்த்த பார்வையில் மனிதர் வாயை மூடிக்கொண்டார். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் லொறி இழுத்து இழுத்து ஏறியது. பின்னால் கதிரைகள் கடகடவென்று அடித்துக்கொண்டு வந்தன.

லொறிக்காகப் படலையின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்த மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"வாங்கோ மாமி, உள்ளுக்கு வாங்கோ."

"இப்ப வரலாமோ, தம்பி?" என்றேன்.

அவன் தேம்பினான். என்னால் அவனுக்காக இரங்க முடியவில்லை. கையை உதறிவிட்டு உள்ளே போனேன். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. ஆள் பாதியாகிப் போயிருந்தாள். நான் தலைமாட்டில் குந்தி, நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டு, காதோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"பாண்காரன் இல்லையடி மச்சாள். அண்டைக்கு வந்து நிண்டது நான்."